126, பாடே ஸ்ட்ரிட்

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வழி தப்பிவிட்டான். எதற்கோ பயந்து வீட்டை விட்டு ஓடியவன், ஓடி ஓடி, பார்த்தறியாத தெருக்களுக்குள் வந்துவிட்டான். ஊர் நியூயார்க், புரூக்ளினில் பிரவுன்ஸ்வில் என்ற பகுதி, இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்தாண்டு ஆகியிருக்கும் காலம். வழியில் போகும் ஒருவர் நின்று வீடு எங்கே என்று விசாரிக்கிறார். பையனுக்கு விலாசம் மனப்பாடம். "126, பாடே ஸ்ட்ரிட்" என்கிறான். அவர் காதில் அது 'பாட்டர்' என்று விழுகிறது. ஒரு திசையைக் காட்டிவிட்டுப் போகிறார். அங்கே போனால் வீடு இல்லை. பிறகு ஒரு பெண்மணி விசாரிக்கிறாள். பிறகு காவல் நிலையம். அங்கே இருக்கிற போலீஸ்காரர்களும் அந்தப் பெயரை வாயில் போட்டு உருட்டி உருட்டிப் பார்க்கிறார்கள். பிடிபடவில்லை. பையன் அழுதுகொண்டே சொன்னதையே சொல்கிறான். வேறு எப்படிச் சொல்வான்? அவனுக்குத் தெரிந்த ஒரே உச்சரிப்பு அம்மாவின் உச்சரிப்பு. தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, எண்ணும் சரி. அம்மாவின் நாக்கில் அந்தப் பெயர் எப்படி விழுந்ததோ, அதுதான் ஊருக்குப் புரியவில்லை.

ஹென்றி ராத் 1934இல் வெளியிட்ட 'கால் இட் ஸ்லீப்' நாவலில் வருகிறது இந்த இடம். முதல்முறை படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ச் சன்னலருகே நின்றேன். அதன்பின் அந்த நாவலை நான்கு முறை படித்துவிட்டேன். அமெரிக்க யூத எழுத்து என்று சொல்லப்படுவதில் என் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு எண்ணம் உறுதியாகிக்கொண்டே வந்தது. இந்த இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏற்றும் மெழுகுவத்தி, விலக்கு உணவு, தந்தை மகன் சண்டை, ஏழ்மையிலிருந்து செல்வம் என்று பேசுகிறார்கள். எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இவற்றின் உண்மையான கதை மனிதர்களின் வாயில் நடக்கிறது. எந்த மொழியில் பேசும்போது நான் முழு மனிதன், எந்த மொழியில் பேசும்போது அரை மனிதன் என்ற கேள்விதான் இந்த எழுத்தின் அடிநாதம் என்று நான் நம்புகிறேன்.

நாவலின் முன்னுரைப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். 1907ஆம் ஆண்டு மே மாதம். எல்லிஸ் தீவிலிருந்து மன்ஹாட்டனுக்கு வருகிற படகு. அந்த ஒரே ஆண்டில் அந்தத் தீவின் வழியாக 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்குள் வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் ஒரே ஆண்டில் அந்தத் தீவின் வழியாக வந்ததில்லை. முன்னால் வந்து வேலை தேடிக்கொண்ட கணவன், கைக்குழந்தையோடு வந்திறங்கிய மனைவியை அழைத்துப்போக வந்திருக்கிறான். அணைப்பு இல்லை, கண்ணீர் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். குழந்தையின் தலையில் பழைய நாட்டு வைக்கோல் தொப்பி. அதில் ரிப்பன் தொங்குகிறது. அதைப் பார்த்தாலே நேற்று வந்தவர்கள் என்று தெரிந்துவிடுகிறது. கணவன் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் வீசுகிறான். அது சுழன்று போய் விழுந்து, படகு விட்டுச்செல்லும் தடத்தில் மிதக்கிறது. பின்னால் நிற்கும் சுதந்திர தேவியின் சிலையில், வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கும்போது, தீப்பந்தம் முறிந்த வாளின் கைப்பிடி போலக் கறுத்துத் தெரிகிறது.

அதே சிலையின் பீடத்தில் எம்மா லாசரஸின் கவிதை 1903 முதல் வெண்கலப் பட்டயத்தில் இருக்கிறது. அவரும் யூதர்தான், ஆனால் பல தலைமுறைகளுக்கு முன்பே அமெரிக்காவில் வேரூன்றிவிட்ட குடும்பம். நாடு கடந்து வருகிறவர்களுக்கெல்லாம் தாய் என்று அந்தச் சிலையைப் பாடினார். அவர் கரையில் நின்று பாடினார். ராத் படகில் வந்தவர். 1906இல் அன்றைய ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் கலீசியாவில் பிறந்து, நடக்கப் பழகும் வயதில் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். கரையில் நிற்பவருக்கும் படகில் வருபவருக்கும் சிலை வேறு வேறாகத் தெரிவது இயல்புதானே.

ராத் செய்த பெரிய காரியத்தை இனிச் சொல்ல வேண்டும். நாவலில் வீட்டுக்குள் எல்லோரும் பேசுவது யித்திஷ். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி அது. ஜெர்மானிய மொழிகளின் உடம்பில் எபிரேயமும் ஸ்லாவியச் சொற்களும் ஊறி, எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. 'மாமெ லோஷன்' என்பார்கள். அம்மாவின் மொழி என்று பொருள். வழிபாட்டுக்கும் கல்விக்கும் எபிரேயம், சமையலறைக்கும் சந்தைக்கும் யித்திஷ். படித்தவர்களில் பலர் கொச்சை என்று ஒதுக்கிய மொழி. அந்த யித்திஷை ராத் ஆங்கிலத்தில் தரும்போது, கவிதைக்குப் பக்கத்தில் நிற்கிற செம்மையான ஆங்கிலமாகத் தருகிறார். அம்மா வாயைத் திறந்தால் வேதாகம வாக்கியங்களின் நிதானம். அப்பாவின் வெறிகூடக் கம்பீரமான நாடகப் பாத்திரத்தின் கோபமாக வருகிறது. ஆனால் அதே சிறுவன் டேவிட் படியிறங்கித் தெருவுக்குப் போய் மற்றப் பையன்களோடு ஆங்கிலம் பேசத் தொடங்கினால், சொற்கள் நொறுங்கிவிடுகின்றன. உரக்க வாசித்தால்தான் புரிகிற அளவுக்கு நசுங்கிய ஆங்கிலம் அது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அதுவரை அமெரிக்க மேடையிலும் பத்திரிகையிலும் குடியேறி என்றால் தப்பும் தவறுமாகப் பேசுகிற ஆள், சிரிப்பதற்கான ஆள். அவனுடைய ஆங்கிலத்தை வைத்தே அவனுடைய அறிவை அளந்தார்கள். ராத் வாசகனின் காதைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். இவர்கள் தங்களுக்குள் பேசும்போது எப்படி ஒலிக்கிறார்கள் என்று கேளுங்கள், பிறகு சொல்லுங்கள் என்றார். பக்கம் பக்கமாக அம்மாவின் பேச்சைக் கேட்டுப் பழகிவிடுகிறோம். அவளுடைய நகைச்சுவை, துயரம், நயம் எல்லாம் நமக்குப் பழக்கமாகிவிடுகிறது.

காவல் நிலையத்துக்கு அவள் வருகிற இடத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். மகனைக் கண்டதும் வாரி எடுத்துக்கொள்கிறாள். போலீஸ்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறாள்: "தாங்ஸ் ஸோ ஃபீல்." பாதி ஆங்கிலம், பாதி யித்திஷ். அவ்வளவுதான் அவளிடம் இருக்கிறது. போலீஸ்காரர் கண்ணுக்கு அவள் எழுத்தறிவில்லாத, வாய் வராத ஓர் அயல்நாட்டுப் பெண். நமக்கோ, இத்தனை நேரம் அரசி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தவள். அந்த மூன்று சொற்களுக்குள் ஒரு மனுஷி எவ்வளவு சுருங்கிப்போகிறாள் என்று காட்ட ராத் ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை.

இன்னொரு இடம். தான் வாழும் ஊரை எவ்வளவு தெரியும் என்று அம்மா சொல்கிறாள். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், இன்னொரு பக்கம் தேவாலயம். இதுதான் என் எல்லை என்கிறாள். இன்ன சன்னலைப் பார்த்தால் இங்கே திரும்ப வேண்டும் என்று அடையாளம் வைத்திருக்கிறாள். அந்தச் சன்னலை யாராவது கழுவிவிட்டால்கூட வழி தப்பிவிடுவேன் என்கிறாள். தெருப் பெயரை அவள் சொல்லும் விதத்தைக் கணவன் திருத்துகிறான். பின்னால் பையன் தொலையப்போவதற்கான விதை இங்கேயே விழுந்துவிடுகிறது. முதல் வாசிப்பில் இதைக் கவனிக்காமல் கடந்துவிட்டேன். இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது.

மூன்றாவதாக ஒரு மொழியும் இருக்கிறது. அம்மாவுக்குத் திருமணத்துக்கு முன் ஒரு காதல் இருந்தது. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் கிறிஸ்தவ இளைஞனோடு. அதைத் தன் தங்கையிடம் சொல்லும்போது, மகன் பக்கத்தில் இருப்பதால், முக்கியமான இடங்களில் போலிஷ் மொழிக்குத் தாவிவிடுகிறாள். பையனுக்கு யித்திஷ் தெரியும், தெரு ஆங்கிலம் தெரியும், போலிஷ் தெரியாது. துண்டு துண்டாகக் காதில் விழுவதை வைத்து அவன் கற்பனையில் ஒரு கதையைக் கட்டுகிறான். அம்மாவின் ரகசியம் அவனுக்குப் பூட்டிய மொழிக்குள் இருக்கிறது. குடிபெயர்ந்த குடும்பங்களில் பெரியவர்களின் பழைய வாழ்க்கை பிள்ளைகளுக்கு எப்படி எட்டாமல் போகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ராத்துக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. ஆபிரகாம் கஹான். வில்னாவுக்கு அருகில் பிறந்து 1882இல் அமெரிக்கா வந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள்மேல் விழுந்தது. ஊர் ஊராக வீடுகள் சூறையாடப்பட்டன. அங்கிருந்து 1924 வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். கஹான் 'ஃபோர்வர்ட்ஸ்' என்ற யித்திஷ் நாளிதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். உச்சத்தில் அது இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் 1906 முதல் வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் பகுதி வந்தது. ஊரில் விட்டுவந்த மனைவி, வேலைநிறுத்தம், நம்பிக்கை இழந்த மகன், மாற்று மதத்தவரோடு காதல் என்று கடிதங்கள் வந்து குவிந்தன.

அவருடைய 1896ஆம் ஆண்டுக் குறுநாவல் 'யெக்ல்'. யெக்ல் அமெரிக்காவில் ஜேக் ஆகிவிட்டான். தாடி போயிற்று, நடனக்கூடம் போகிறான், குத்துச்சண்டை பற்றி அளக்கிறான். மூன்றாண்டுகள் கழித்து மனைவி கிட்ல் எல்லிஸ் தீவில் வந்து இறங்குகிறாள். மணமான யூதப் பெண்களின் வழக்கப்படி தன் முடியை மறைத்துப் பொய்முடி வைத்திருக்கிறாள். அவளைப் பார்த்த கணத்தில் ஜேக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. கஹானும் யித்திஷ் பேச்சை நல்ல ஆங்கிலத்தில் எழுதினார். யித்திஷுக்கு இடையே வந்து கலக்கிற ஆங்கிலச் சொற்களை மட்டும் சாய்வெழுத்தில், அவர்கள் உச்சரிக்கும் விதத்திலேயே அச்சிட்டார். ஆங்கிலப் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லே அந்நியச் சொல்லாகச் சாய்ந்து நிற்கிறது. 1896இல் இதைச் செய்திருக்கிறார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

1917இல் அவர் எழுதிய 'தி ரைஸ் ஆஃப் டேவிட் லெவின்ஸ்கி' இன்னும் பெரியது. நான்கு சென்ட் காசோடு வந்திறங்கியவன் ஆயத்த ஆடைத் தொழிலில் கோடீசுவரனாகிறான். முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறான். சொல்லிவிட்டு, ஆனாலும் உள்ளே எதுவும் மாறவில்லை, என் வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது என்கிறான். கடைசிப் பக்கத்திலும் அதுதான்: டால்மூத் என்ற யூதச் சட்ட நூலின் மேல் குனிந்து ஆடி ஆடிப் படித்த ஏழைப் பையனுக்கும் எனக்கும் நெருக்கம் அதிகம், புகழ்பெற்ற வியாபாரியோடு எனக்கு ஒட்டுறவு இல்லை.

இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வந்த மேரி ஆன்டினின் தன்வரலாற்று நூல் 'தி பிராமிஸ்டு லேண்ட்' நேரெதிர். நான் பிறந்தேன், வாழ்ந்தேன், வேறொருத்தியாக ஆக்கப்பட்டேன் என்ற பெருமிதத்தோடு தொடங்குகிறது. அந்த நூலின் ஒட்டுமொத்த உற்சாகம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ஒரு சிறு இடம் மனதை விட்டுப் போகவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் அமெரிக்கப் பெயர் சூட்டுகிறார்கள். மார்யாஷே என்ற இவளுக்கு மேரி என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சிறுமிக்கு ஏமாற்றம். மற்றவர்களுக்குப் புதுமையான பெயர் கிடைத்திருக்கிறது, தனக்கு மட்டும் பழைய பெயரிலேயே ஒரு வெட்டு. பெயரைத் தொலைப்பதற்காக ஒரு குழந்தை ஆசைப்படுகிறது என்றால், அந்த ஆசையை அதற்குள் வைத்தது எது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லிஸ் தீவு அதிகாரிகள் வாய்க்கு வராத பெயர்களைத் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டி எழுதிவிட்டார்கள் என்ற கதை பரவலாக நம்பப்படுகிறது. அது உண்மை அல்ல. கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்தில் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துத்தான் அங்கே பெயரைச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அவர்களேதான், பின்னால், வேலைக்காகவும் பள்ளிக்காகவும். அப்படியிருந்தும் குடும்பங்களுக்குள் அதிகாரி மாற்றினார் என்றே கதை நிலைத்தது. யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்வது, நானே கழற்றி வைத்தேன் என்று சொல்வதைவிட வலி குறைந்ததாக இருந்திருக்கும்.

ஆன்சியா யெசியெர்ஸ்கா கழற்றியதைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டவர். அமெரிக்காவில் ஹாட்டி மேயர் என்ற பெயர் அவர்மேல் வந்து ஒட்டியது. எழுத வந்தபோது பழைய பெயருக்கே திரும்பினார். 1925இல் வந்த அவருடைய 'பிரெட் கிவர்ஸ்' நாவலில் சாரா என்ற பெண், வேதம் ஓதுவதைத் தவிர வேறு வேலை செய்யாத தந்தையோடு போராடி வெளியேறிப் படித்து ஆசிரியை ஆகிறாள். பிள்ளைகளுக்கு ஆங்கில உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆர்வத்தில் தன்னை மறக்கும்போது அவளுடைய நாக்கிலும் அவள் வளர்ந்த தெருவின் பழைய ஒலி எட்டிப் பார்க்கிறது. 'சிங்' என்பதன் கடைசியில் ஒரு 'க' கூடுதலாக விழுகிறது. வாசலில் தலைமை ஆசிரியர் நிற்கிறார். அவர் திருத்துகிறார், அவள் முகம் சிவக்கிறது. பிற்பாடு பார்த்தால் அவரும் போலந்திலிருந்து வந்தவர்தான், அவள் ஊருக்குப் பக்கத்து ஊர். ஒருவர் ஒரு படி முன்னே, இன்னொருவர் ஒரு படி பின்னே. இருவரும் ஏறிக்கொண்டிருப்பது ஒரே ஏணி.

அடுத்த தலைமுறைக்கு வந்தால் குரல் மாறிவிடுகிறது. சால் பெல்லோவின் 'ஆகி மார்ச்' நாவல் 1953இல் வந்தது. நான் அமெரிக்கன், சிகாகோவில் பிறந்தவன் என்ற அறிவிப்போடு அதன் நாயகன் வாயைத் திறக்கிறான். எழுதிய பெல்லோ சிகாகோவில் பிறந்தவர் அல்ல. கனடாவில், மான்ட்ரியாலை ஒட்டிய லாஷீனில் பிறந்தவர். ஒன்பது வயதில் முறையான ஆவணம் இல்லாமல் குடும்பம் எல்லை கடந்து சிகாகோ வந்தது. தான் குடிமகன் அல்ல என்பதே வளர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அந்த முதல் வாக்கியத்தை இந்த விவரத்தோடு படித்தால், முரசறைவதற்குப் பின்னால் ஒரு மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது தெரியும்.

பெர்னார்ட் மாலமுட் நெஞ்சை நிமிர்த்தாதவர்களை எழுதினார். 'தி அசிஸ்டென்ட்' நாவலில் மளிகைக் கடைக்காரர் மோரிஸ் போபர், மூன்று சென்ட் ரொட்டி ஒன்றை வாங்க வரும் போலிஷ் பெண்ணுக்காக விடியற்காலையில், குளிரில், கடையைத் திறக்கிறார். கல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய பாரதி முகர்ஜி தனக்கு நெருக்கமான எழுத்தாளராக மாலமுட்டைத்தான் சொன்னார். அந்த மூன்று சென்ட் ரொட்டி அவரை எங்கே தொட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்தத் தலைமுறையில் என் மனதுக்கு மிகப் பிடித்தவர் கிரேஸ் பேலி. 'தி லவுடஸ்ட் வாய்ஸ்' என்று ஒரு சிறுகதை. பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஷர்லி என்ற யூதச் சிறுமிக்கு ஊரைக் கூட்டும் குரல். பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம். கதை சொல்லும் குரலாக அவளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அப்பா சொல்கிறார்: ஐரோப்பாவில் கலவரக்காரர்கள் வந்தார்கள், இங்கே கிறிஸ்துமஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதானே. நாடகம் முடிகிறது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஏன் பெரிய வேடம் கொடுக்கவில்லை என்று பேச்சு வருகிறது. அம்மா பதில் சொல்கிறாள்: அவர்களுக்குச் சின்னக் குரல். அவர்கள் எதற்காகக் கத்த வேண்டும்? ஆங்கிலம் அவர்களுக்குப் பிறவியிலேயே மனப்பாடம். கிறிஸ்துமஸே அவர்களுடைய சொத்து.

சொந்த வீட்டில் இருப்பவன் மெதுவாகப் பேசினால் போதும். வந்து சேர்ந்தவன்தான் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. பேலி இதைத் துயரமாக எழுதவில்லை. அன்றிரவு ஷர்லி படுக்கையருகே மண்டியிட்டு, கைகளைக் குவித்து, "இஸ்ரவேலே கேள்" என்ற யூதப் பிரார்த்தனையைச் சொல்லி, ஊரில் தனிமையில் இருக்கும் கிறிஸ்தவர்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்கிறாள். கடவுளுக்குக் கேட்டிருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை; அவளுடைய குரல்தானே பெரியது. இந்தக் கதையை யாருக்காவது படித்துக் காட்டும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

சரி, இவர்கள் எல்லோரும் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டார்கள். விட்டுவந்த மொழி என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப் போருக்கு முன் 1 கோடிக்கும் மேற்பட்டோர் யித்திஷ் பேசினார்கள். 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அமெரிக்காவின் வாசலை ஏறக்குறைய அடைத்தது. புதிய பேச்சாளர்கள் வருவது நின்றது. ஐரோப்பாவில் மிஞ்சியவர்களில் பெரும்பகுதியினரை நாஜிகள் கொன்றார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு அந்த மொழி தாத்தா பாட்டியின் முணுமுணுப்பாகக் குறுகியது.

ஐசக் பாஷெவிஸ் சிங்கர் 1935இல் போலந்திலிருந்து நியூயார்க் வந்து, கடைசிவரை யித்திஷில் எழுதினார். அவருடைய 'கிம்பெல்' கதை 1953இல் பெல்லோவின் ஆங்கிலத்தில் வந்து அவரை உலகுக்குக் காட்டியது. அந்த மொழிபெயர்ப்பு நடந்த விதத்தை விமர்சகர் இர்விங் ஹோ எழுதியிருக்கிறார். கவிஞர் எலியேசர் கிரீன்பெர்க் யித்திஷில் வரிவரியாக உரக்கப் படிக்கிறார். பெல்லோ தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே போகிறார். ஒரு மொழியின் கதவு இன்னொரு மொழிக்குள் திறந்தது அப்படித்தான். தலைப்பில் மட்டும் ஒன்று நழுவியது. மூலத்தில் கிம்பெல் 'தாம்'. அந்தச் சொல்லில் கபடமற்றவன், முழுமையானவன் என்ற பொருளும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவன் முட்டாள் ஆகிவிட்டான்.

சிங்கர் 1978இல் நோபல் பரிசு வாங்கினார். மேடையில் யித்திஷில் பேச்சைத் தொடங்கினார். பரிசு விருந்தில், ஏன் இந்த மொழியில் எழுதுகிறேன் என்றால் பேய்க்கதை எழுதப் பிடிக்கும், பேய்களுக்குச் சாகும் மொழி பொருத்தம் என்றார். ஒருநாள் கல்லறைகளிலிருந்து யித்திஷ் பேசும் லட்சக்கணக்கானோர் எழுந்து வந்து, புதிதாகப் படிக்க யித்திஷ் புத்தகம் ஏதாவது உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் பிறந்த நாட்டில் அந்தக் கல்லறைகளுக்கு உரியவர்களில் பலருக்குக் கல்லறைகூட இல்லை என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசு கிடைக்காதவரின் பக்கத்தைச் சிந்தியா ஓசிக் எழுதினார். 1969இல் வந்த 'என்வி' என்ற கதையில் எடல்ஷ்டைன் என்ற முதிய யித்திஷ் கவிஞர் தனக்கொரு மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மாட்டாரா என்று அலைகிறார். மொழிபெயர்ப்பால் புகழ்பெற்ற இன்னொரு யித்திஷ் எழுத்தாளனைக் கண்டால் அவருக்கு வயிறு எரிகிறது. யித்திஷ் தெரிந்த இளம்பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்துக் கெஞ்சுகிறார். அவள் மறுத்துவிடுகிறாள். அவர் பிச்சை கேட்பது பணமோ புகழோ மட்டுமல்ல. தன் மொழியைக் கேட்க இன்னொரு காது. இந்தக் கதையைக் கொடூரமான கதை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஓர் இழவுப் பாட்டு.

ராத்திடம் திரும்புகிறேன். 'கால் இட் ஸ்லீப்' வந்த கொஞ்ச நாளில் பதிப்பகம் நொடித்துப்போனது. ராத் சேர்ந்திருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் சார்புப் பத்திரிகையோ, தொழிலாளி வர்க்க அனுபவத்தை இப்படி உள்மன ஆராய்ச்சிக்கு வீணடித்துவிட்டாரே என்று எழுதியது. அடுத்த நாவல் பாதியில் நின்றது. அவர் மெய்ன் மாநிலத்துக்குக் குடிபோனார். மனநல மருத்துவமனையில் உதவியாளர் வேலை பார்த்தார், வாத்து வளர்த்து விற்றார். புத்தகத்தை நாடு மறந்தது. 1956இல் ஓர் இதழ், கவனிக்கப்படாமல் போன சிறந்த நூல்கள் எவை என்று கேட்டபோது ஆல்ஃபிரட் கேசின், லெஸ்லி ஃபீட்லர் என்ற இரண்டு விமர்சகர்கள் இந்த ஒரே நாவலைச் சொன்னார்கள். 1964இல் மலிவுப் பதிப்பு வந்தது. 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ராத் அப்போதும் வாத்துப் பண்ணையில் இருந்தார். அடுத்த நாவல் 1994இல்தான் வந்தது, அறுபது ஆண்டுகள் கழித்து. மறு ஆண்டு இறந்தார்.

இந்த நீண்ட மௌனத்துக்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். ராத் தானே திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: சிறுவயதில், 1914இல், நியூயார்க்கில் யூதர்கள் நிறைந்த கீழ்க்கிழக்குப் பகுதியிலிருந்து ஐரிஷ்காரர்கள் நிறைந்த ஹார்லெமுக்குக் குடும்பம் மாறியது தன்னை உடைத்துவிட்டது என்பது. எனக்கு அது சரியென்றே படுகிறது. நாவலில் யூதப் பள்ளிக்கூடத்தில் டேவிட் ஏசாயா தீர்க்கதரிசியின் கதையைக் கேட்கிறான். என் உதடுகள் அசுத்தமானவை என்று நடுங்கும் ஏசாயாவின் வாயைத் தேவதூதன் நெருப்புக் கனலால் தொடுகிறான். சிறுவன் அந்தக் கனலைத் தேடிப் போய், டிராம் தண்டவாளத்தின் இடுக்கில் பால் கரண்டியைச் செருகி மின்சாரம் பாய்ந்து விழுகிறான். சுற்றிலும் கூட்டம் கூடுகிறது. ஐரிஷ், யூத, இத்தாலியக் குரல்கள் உடைந்த ஆங்கிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. உதட்டைச் சுத்தப்படுத்த நெருப்பைத் தேடிய பையனை எழுதியவர், பிறகு அறுபது ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த நாவலின் தொலைந்துபோகும் பகுதியைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தேன். வெளியிடும் எண்ணமில்லை, கையால் எழுதிப் பார்த்தால் இன்னும் கிட்டத்தில் போகலாமே என்ற ஆசை. முதல் தடையே தெருப் பெயர்தான். ஆங்கிலத்தில் 'பா' என்று அழுத்தி ஒலிப்பதற்கு ஓர் எழுத்து, மென்மையாக ஒலிப்பதற்கு வேறோர் எழுத்து. அந்த இரண்டுக்கும் இடையில்தான் பையன் தொலைகிறான். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'. தாளில் எழுதினால் அவனும் வழிப்போக்கரும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகிறார்கள், தொலைவதற்கே இடமில்லை.

இரண்டாவது தடை பெரியது. அம்மா எந்தத் தமிழில் பேசுவாள்? ராத்தின் வழியில் உயர்ந்த தமிழைக் கொடுத்தேன். பழைய புராணப் படத்துத் தாயாகி விறைத்து நின்றாள். அடித்துவிட்டுப் பேச்சுத் தமிழில் எழுதினேன். உடனே சமையலறை வாசம் வந்தது, ஆனால் உயரம் போய்விட்டது. தெருப் பையன்களின் பேச்சுக்கும் அவள் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நமக்கு நெருக்கம் ஒரு தமிழிலும் மதிப்பு இன்னொரு தமிழிலும் இருக்கிறது. ராத்தின் அம்மாவுக்கு இரண்டும் ஒரே மூச்சில் வேண்டும். ஒரு மாதம் தாளைத் தொடவில்லை.

கடைசிப் பக்கத்தில் கதவு கொஞ்சம் திறந்தது. மின்சாரம் தாக்கிப் பிழைத்த பையன் படுக்கையில் கிடக்கிறான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா என்று கேட்கிறாள். கூடவே ஒரு செல்லச் சொல். ஆங்கிலத்தில் அது சற்றுப் பழமையான, ஏட்டில் வாழ்கிற சொல். அதற்கு என் கை தானாக 'கண்ணே' என்று எழுதியது. எழுதிய பிறகுதான் பார்த்தேன். தாலாட்டுத் தமிழ் என்று ஒன்று இருக்கிறதே. அது ஏட்டுத் தமிழும் இல்லை, தெருத் தமிழும் இல்லை. ஆராரோ பாடுகிறவள் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளையை முத்தே என்பாள், மரகதமே என்பாள், யார் அடித்து நீ அழுதாய் என்று கேட்பாள். அந்த ஒலியை அம்மாவின் பேச்சுக்குள் மெல்ல இறக்கிப் பார்த்தேன். வாக்கியங்கள் மூச்சுவிடத் தொடங்கின.

அங்கிருந்து பின்னோக்கித் திரும்பிப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். தெருப் பெயரை அம்மா சொல்லும் விதத்திலேயே விட்டுவிட்டேன். காவல் நிலையத்தில் போலீஸ்காரரிடம் அவள் சொல்லும் மூன்று சொற்களுக்கு மட்டும் தாளில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.